சில வயல்களை அளந்து நாட்டையே கணக்கிட்டவர்: புள்ளியியல் அறிஞர் பி.சி. மகலனோபிஸ்

கொல்கத்தா: இந்தியாவில் ஆண்டுதோறும் ஜூன் 29-ஆம் தேதி புள்ளியியல் தினமாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. அது பிரசாந்த சந்திர மகலனோபிஸ் பிறந்த நாள். நாட்டின் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தை வடிவமைத்தவர் என்ற அளவிலேயே பாடநூல்கள் அவரை அறிமுகம் செய்கின்றன. ஆயினும் அவரது வாழ்நாள் உழைப்பில் பெரும்பகுதி வேறொரு பணியில் செலவாயிற்று. அறிவியல்தானா என்று ஐயத்துடன் பார்க்கப்பட்ட ஒரு துறைக்காக ஆட்களைத் திரட்டினார், சங்கம் பதிவு செய்தார், இதழ் தொடங்கினார், நாட்டில் எவரும் பார்த்திராத இயந்திரங்களைக் கடல் கடந்து வரவழைத்தார். முடிவில், அந்தத் துறையின் சொல்லைக் கேட்டு அரசாங்கமே திட்டம் தீட்டும் நிலை உருவானது.

இந்தப் பணி எளிதில் கைகூடியதன்று. நம்பாதவர்கள் பலர் இருந்தனர். அவர்களில் சிலர் அறிவியலாளர்கள், சிலர் அதிகாரிகள்.

கப்பலில் படித்த இதழ்கள்

1893-ஆம் ஆண்டு கொல்கத்தாவில் பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்த குடும்பத்தில் மகலனோபிஸ் பிறந்தார். தந்தை பிரபோத் சந்திரர். புகழ்பெற்ற மருத்துவர் நீல்ரத்தன் சர்க்கார் தாய்மாமன். தாத்தா குருசரண் தொடங்கிய பிரம்மோ ஆண்கள் பள்ளியில் படித்த பின், பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பயின்று 1912-இல் பட்டம் பெற்றார். ஜகதீஷ் சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் ஆகியோர் அங்கு அவருடைய ஆசிரியர்கள்.

மறு ஆண்டு லண்டன் பல்கலைக்கழகத்தில் சேரும் எண்ணத்துடன் இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜ் நகரைச் சுற்றிப் பார்க்கப் போனவர், லண்டனுக்குத் திரும்ப வேண்டிய கடைசி ரயிலைத் தவறவிட்டார். அன்றிரவு நண்பர் வீட்டில் தங்க நேர்ந்தது. பகலில் பார்த்த கிங்ஸ் கல்லூரித் தேவாலயம் மனத்தைக் கவர்ந்திருந்ததால், அந்தக் கல்லூரியிலேயே சேர விண்ணப்பித்தார், இடமும் கிடைத்தது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நெருக்கமான ஒரு நட்பு அங்குதான் மலர்ந்தது. 1914-இல் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்த சீனிவாச ராமானுஜனுடன் மகலனோபிஸ் நெருங்கிப் பழகினார். குளிரில் இரவெல்லாம் நடுங்கிய ராமானுஜன், படுக்கையின் மேல்விரிப்புக்குக் கீழே கம்பளிகள் இருப்பதை அறியாமல் மேலங்கியையும் சால்வையையும் போர்த்திப் படுத்திருந்தார். கம்பளிக்குள் எப்படி நுழைந்து படுப்பது என்று காட்டிக்கொடுத்தவர் மகலனோபிஸ்தான். மற்றொரு நாள், ஓர் ஆங்கில மாத இதழில் வந்த தெருவீட்டு எண் புதிர் ஒன்றைச் சிறிது முயன்று விடுவித்து, அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்த ராமானுஜனிடம் படித்துக் காட்டினார். ராமானுஜனோ கிளறுவதை நிறுத்தாமலேயே, அந்தப் புதிருக்கு மட்டுமின்றி அது போன்ற எல்லாப் புதிர்களுக்கும் பொருந்தும் விடையைத் தொடர் பின்னமாகச் சொல்லி முடித்தார். ராமானுஜனைப் பற்றி இன்று வழங்கும் கதைகளில் பல, மகலனோபிஸின் நினைவுக்குறிப்புகள் வழியாக வந்தவையே.

1915-இல் இயற்பியலில் முதல் வகுப்பில் தேறிய அவருக்குக் கேவண்டிஷ் ஆய்வகத்தில் சி.டி.ஆர். வில்சனிடம் ஆராய்ச்சி செய்யும் வாய்ப்பு காத்திருந்தது. அதற்கு முன் சிறிது காலம் ஊர் திரும்ப முடிவு செய்தார். உலகப் போரால் கப்பல் புறப்படத் தாமதமானது. காத்திருந்த நாள்களில் கல்லூரி நூலகத்தில், பேராசிரியர் மெக்காலே என்பவர் கார்ல் பியர்சனை ஆசிரியராகக் கொண்ட பயோமெட்ரிகா இதழின் தொகுதிகளை அவருக்குச் சுட்டிக்காட்டினார். உயிரினங்களின் அளவுகளை எண்களாக்கி ஆராயும் இதழ் அது. முழுத் தொகுதிகளையும் விலைக்கு வாங்கிய மகலனோபிஸ், பயணம் முழுவதும் அவற்றைப் படித்துக்கொண்டே வந்தார். கொல்கத்தாவில் இறங்கியபோது, விடை தேட வேண்டிய கேள்விகள் சொந்த நாட்டிலேயே நிறைந்திருப்பதாக அவருக்குத் தோன்றத் தொடங்கியிருந்தது. கேவண்டிஷுக்கு அவர் திரும்பவில்லை.

கல்லூரி அறையில் ஓர் ஆய்வகம்

பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியராகச் சேர்ந்தார். இயற்பியல் கற்பிப்பது வேலை. எண்களை ஆராய்வது சொந்த ஆர்வம். தத்துவ அறிஞர் பிரஜேந்திரநாத் சீல் கேட்டுக்கொண்டபடி கல்கத்தா பல்கலைக்கழகத் தேர்வு முடிவுகளை அலசினார். இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் இயக்குநர் நெல்சன் அனண்டேல், கல்கத்தாவின் ஆங்கிலோ இந்தியர்களிடம் எடுத்து வைத்திருந்த உடல் அளவுகளைத் தந்து, இவற்றில் ஏதேனும் தெரிகிறதா என்று பார்க்கச் சொன்னார். 1922-இல் வெளியான அந்த ஆய்வே புள்ளியியலில் அவரது முதல் கட்டுரை. ஒரு குழுவுக்கும் மற்றொரு குழுவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பல அளவுகளைச் சேர்த்து ஒரே எண்ணில் சொல்ல முடியுமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. அதற்கான விடை 1936-இல் முழு வடிவம் பெற்று, மகலனோபிஸ் தொலைவு என்ற பெயரில் நிலைத்துவிட்டது. இனங்களை வகைப்படுத்தும் அந்தக் காலத்து நாட்டத்தில் பிறந்த கருவி அது. அந்த நாட்டம் மதிப்பிழந்து பல காலம் ஆகிவிட்டது. கருவியோ கணினி வழித் தரவாய்வில் இன்றும் பயன்படுகிறது.

புதிய முறையின் வலிமையைப் பொதுமக்கள் நலனோடு பொருத்திக் காட்டியது வெள்ளம்தான். 1922-இல் வடக்கு வங்காளத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டது. பெரும் செலவில் வெள்ளநீர்த் தேக்கங்கள் அமைக்கப் பொறியாளர்கள் பரிந்துரைத்தனர். அப்போது அலிப்பூர் வானிலை மையப் பொறுப்பையும் கவனித்துவந்த மகலனோபிஸ், ஏறத்தாழ அரை நூற்றாண்டின் மழை, வெள்ளக் குறிப்புகளைத் திரட்டி, தேக்கங்களால் பயன் இராது, தேவைப்படுவது நீர் விரைந்து வடியும் வழிதான் என்று காட்டினார். 1926-இல் ஒடிசாவில் பிராமணி ஆறு கரை உடைத்தபோதும் இதே நிலை. ஆற்றுப் படுகை மேடிட்டுவிட்டது, ஆகவே கரைகளை உயர்த்த வேண்டும் என்பது நிபுணர்களின் முடிவு. அறுபது ஆண்டுத் தரவுகளைப் பார்த்த மகலனோபிஸ், படுகை உயரவே இல்லை, மேற்பகுதியில் பெய்யும் மிகுமழையே காரணம், அங்கு அணை கட்டுவதே வழி என்றார். மகாநதிப் படுகையைப் பற்றி அவர் செய்த கணக்கீடுகள் பின்னாளில் ஹிராகுட் அணைத் திட்டத்துக்கு உதவின.

ஆற்றையே பார்த்துப் பழகிய பொறியாளர்களின் முடிவைக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் காகிதக் கணக்கால் மறுத்தது அன்று பலருக்கும் உறுத்தியிருக்கும். எண்கள் அவர் பக்கம் நின்றன. ஆனால் எண்கள் இருந்தால் போதாது, அவற்றைப் புரிந்துகொண்டு மேலே கொண்டுசெல்லும் ஒரு கூட்டம் வேண்டும் என்பதை இந்த அனுபவங்கள் உணர்த்தின.

முதலாண்டுச் செலவு 238 ரூபாய்

1931 டிசம்பர் 17-ஆம் தேதி, தொழிலதிபர் சர் ராஜேந்திரநாத் முகர்ஜி தலைமையில் ஒரு கூட்டம் நடந்தது. அழைப்பு விடுத்தவர்கள் மூவர்: மகலனோபிஸ், பொருளியல் பேராசிரியர் பிரமதநாத் பானர்ஜி, கணிதப் பேராசிரியர் நிகில் ரஞ்சன் சென். அன்று எடுத்த முடிவின்படி 1932 ஏப்ரல் 28-ஆம் தேதி இந்தியப் புள்ளியியல் நிறுவனம் ஒரு கற்றோர் சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. முதல் ஆண்டில் அதன் மொத்தச் செலவு 238 ரூபாய். நிறுவனம் என்று சொல்லிக்கொள்ளக் கட்டடம் கிடையாது. பிரசிடென்சி கல்லூரியின் இயற்பியல் துறையில் இயங்கிய ஆய்வகமே எல்லாமுமாக இருந்தது.

கட்டடத்தைவிட ஆட்களுக்கு முதலிடம் தந்தார் மகலனோபிஸ். புள்ளியியல் படித்தவர்கள் நாட்டில் இல்லாததால், பிற துறைகளில் கெட்டிக்காரர்களாக இருந்தவர்களைத் தேடிப் பிடித்தார். வடிவியலில் ஆராய்ச்சி செய்து, குறைந்த சம்பளத்துக்குக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ராஜ் சந்திர போஸை வலியச் சென்று அழைத்தார். சமரேந்திரநாத் ராய் வந்தார். 1941-இல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் முடித்த இளைஞர் சி.ஆர். ராவ் பயிற்சிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த அறுபது ஆண்டுகளின் உலகப் புள்ளியியலில் தவிர்க்க முடியாத பெயராக அவர் உயர்ந்தார். கணிதரும் இயற்பியலரும் மானிடவியலரும் பொருளியலரும் ஒரே மேசையில் வேலை செய்த இடம் அன்றைய இந்தியாவில் வேறெங்கும் இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

1933-இல் சாங்க்யா என்ற ஆய்விதழ் வெளிவந்தது. எண் என்றும் தெளிந்த அறிவு என்றும் பொருள்படும் வடசொல் அது. தமிழில் எண்ணுதல் என்ற சொல் கணக்கிடுவதையும் சிந்திப்பதையும் சேர்த்துக் குறிப்பதைப் போன்றது எனலாம். வெளிநாட்டு இதழ்களின் தயவை எதிர்பார்க்காமல் இந்திய ஆய்வாளர்கள் எழுதுவதற்கு அது களமாயிற்று. 1938-இல் கொல்கத்தாவில் முதலாவது இந்தியப் புள்ளியியல் மாநாடு கூடியபோது, அத்துறையின் முதல்வரிசை அறிஞரான ஆர்.ஏ. ஃபிஷர் இங்கிலாந்திலிருந்து வந்து தலைமை ஏற்றார்.

இவ்வளவு நடந்தும் இந்திய அறிவியல் மாநாட்டில் புள்ளியியலுக்குத் தனி இடம் கிடைக்கவில்லை. 1942-இல் கணிதத்தோடு சேர்த்து ஒரு பிரிவில் இடம் தரப்பட்டது. 1945-இல்தான் தனிப்பிரிவு வந்தது. அதற்கிடையே 1941-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் புள்ளியியலில் முதுநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. முதலில் கூட்டம், பிறகு இதழ், அதன் பின் பட்டம், கடைசியில் அங்கீகாரம் என்ற இந்த வரிசை கவனிக்கத்தக்கது. அங்கீகாரத்துக்காக மகலனோபிஸ் காத்திருக்கவில்லை.

சணல் வயலில் நடந்த சோதனை

நிறுவனத்தின் மெய்யான தேர்வு வங்காளத்தின் சணல் வயல்களில் நடந்தது. அக்காலத்தில் சணல் உலகச் சந்தைப் பொருள். எவ்வளவு விளையும் என்ற மதிப்பீட்டைப் பொறுத்தே விலை ஏறும், இறங்கும். மதிப்பீடு பிழைத்தால் ஆலைக்காரருக்கும் இழப்பு, உழவருக்கும் இழப்பு. ஆனால் மதிப்பீட்டுக்கு ஆதாரமே வலுவாக இல்லை. ரயத்துவாரி முறை நிலவிய சென்னை மாகாணத்தில் ஊருக்கு ஒரு கர்ணம் இருந்து, எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று கணக்கு எழுதிவந்தார். ஜமீன்தாரி நிரந்தரத் தீர்வை முறை இருந்த வங்காளத்தில் அப்படிப்பட்ட ஊர்க் கணக்கர் கிடையாது. ஊர்க் காவலர் குத்துமதிப்பாகச் சொல்வது மேலே போய்ச் சேர்ந்து மாகாணத்தின் கணக்காகிவிடும்.

வயல்தோறும் ஆளனுப்பி எண்ணலாம். அதற்குச் செலவு மிகுதி, காலமும் மிகுதி. சில வயல்களை மட்டும் பார்த்து மொத்தத்தையும் கணிக்கலாம் என்றார் மகலனோபிஸ். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழியை அறிந்த தமிழர்களுக்கு இது எளிய கருத்தாகத் தோன்றும். ஆனால் பானையில் சோறு ஏறக்குறைய ஒரே சீராக வேகிறது; வயல்கள் அப்படி விளைவதில்லை. ஆற்றங்கரை வயல் ஒரு விதம், மேட்டு நிலம் ஒரு விதம். எந்த வயலை எடுப்பது, எத்தனை எடுப்பது, எடுத்தவருக்குச் சாதகமான வயலே அகப்படாமல் எப்படிக் காப்பது, வரும் விடையில் பிழை எவ்வளவு இருக்கும் என்பதை எப்படி அறிவது ஆகிய கேள்விகளுக்கு விடை தராவிட்டால், அந்த முறை சூதாட்டத்தைவிட மேலானதல்ல.

இந்திய மத்திய சணல் குழுவின் நிதியுதவியுடன் 1937-இல் சிறிய பரப்பில் வேலை தொடங்கியது. ஆண்டுக்கு ஆண்டு பரப்பை விரித்து, 1941-இல் வங்காளம் முழுவதும் மாதிரி ஆய்வு நடத்தப்பட்டது. இந்த ஐந்து ஆண்டுகளில் மகலனோபிஸ் செய்த ஏற்பாடுகள் நுட்பமானவை. வயல்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார். களப்பணியாளர் விரும்பியபடி மாற்ற வழியில்லை. ஒவ்வொரு பணியாளரும் எவ்வளவு நேரம் நடந்தார், எவ்வளவு நேரம் வயலில் நின்றார், எவ்வளவு நேரம் எழுதினார் என்று குறிப்பு வைக்கச் செய்தார். கையிலிருக்கும் பணத்துக்கு எத்தனை வயல், எவ்வளவு பெரிய துண்டு என எடுத்தால் பிழை மிகக் குறையும் என்பதை அந்தக் குறிப்புகளிலிருந்தே கணக்கிட்டார்.

அவற்றுள் மிகச் சிறந்த ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரே பகுதிக்கு, ஒருவரோடு ஒருவர் தொடர்பில்லாத இரு பணியாளர் குழுக்களை, வெவ்வேறு மாதிரிகளோடு அனுப்பினார். இரு குழுக்களின் விடைகளும் நெருங்கி வந்தால் நம்பலாம். விலகி நின்றால் எங்கோ தவறு இருக்கிறது. ஆய்வு தன்னைத் தானே தணிக்கை செய்துகொள்ளும் வழி இது. முழுக் கணக்கெடுப்பில் வந்த எண் தவறா சரியா என்று சோதிக்க அன்று எந்த வழியும் இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால், இதன் அருமை விளங்கும். எல்லாவற்றையும் எண்ணினால்தான் உண்மை தெரியும் என்று நம்பிய அதிகாரிகளுக்கு, பயிற்சி பெற்ற சிலர் கவனமாக அளப்பது, பயிற்சியற்ற ஆயிரக்கணக்கானோர் அவசரமாக எண்ணுவதைவிட மேல் என்று உணர்த்தப் பல ஆண்டுகள் ஆயின. 1944-இல் இந்த அனுபவங்களைத் தொகுத்து அவர் எழுதிய நீண்ட கட்டுரையை லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்டது. மறு ஆண்டு அவர் அதன் உறுப்பினரானார்.

எல்லாவற்றிலும் அவர் சொன்னதே நின்றுவிடவில்லை. விளைச்சலை அளக்க வயலில் மிகச் சிறிய வட்டத் துண்டுகளை அறுத்தால் போதும் என்பது அவர் பின்பற்றிய வழி. வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பி.வி. சுகாத்மே அதை மறுத்தார். துண்டு சிறிதானால், எல்லையில் நிற்கும் செடிகளையும் பணியாளர் உள்ளே சேர்த்துவிடுவார், விளைச்சல் கூடுதலாகத் தெரியும் என்பது அவர் வாதம். இருவருக்கும் இடையே நீண்ட, சில வேளைகளில் கசப்பான விவாதம் நடந்தது. பயிர் அறுவடைப் பரிசோதனைகளில் சுகாத்மே தரப்பின் பெரிய துண்டுகளே பின்னர் நாடு முழுவதும் வழக்கத்துக்கு வந்தன. பெரியவர் சொல்லை மறுத்து வாதாடத் தகுதியுள்ள ஒரு துறை அதற்குள் இந்தியாவில் வளர்ந்திருந்தது என்பதும் இதில் தெரிகிறது.

பஞ்சத்துக்குப் பின்

1943-இல் வங்காளப் பஞ்சம் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. மாகாணத்தில் எவ்வளவு நெல் இருக்கிறது என்பதே நம்பத்தக்க வகையில் தெரியாத நிலையில் நிகழ்ந்த பேரழிவு அது. பஞ்சம் தணிந்த பின், எத்தனை குடும்பங்கள் நிலத்தை விற்றன, மாட்டை இழந்தன, பிச்சை எடுக்கும் நிலைக்கு வந்தன என்பதை மாதிரி ஆய்வின் வழியே மகலனோபிஸ் குழுவினர் கண்டறிந்து 1946-இல் வெளியிட்டனர். சணலுக்காக வகுத்த முறை மனிதத் துயரை அளக்கப் பயன்பட்டது. விடுதலைக்குப் பின் அவர் கேட்ட பெரிய திட்டத்துக்கு இந்த ஆய்வே முன்னோட்டம் என்று கொள்ளலாம்.

1949-இல் மத்திய அமைச்சரவையின் கௌரவப் புள்ளியியல் ஆலோசகராக அவர் நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு அமைந்த தேசிய வருவாய்க் குழுவுக்கும் அவரே தலைவர், டி.ஆர். காட்கில், வி.கே.ஆர்.வி. ராவ் ஆகியோர் உறுப்பினர்கள். நாட்டின் வருவாயைக் கணக்கிட முனைந்த குழு, மக்கள் எதை உண்கிறார்கள், எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்பதற்கே தரவு இல்லை என்பதைக் கண்டது. அந்த வெற்றிடத்தை நிரப்ப 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கப்பட்டது. அக்டோபர் முதல் மறு ஆண்டு மார்ச் வரை நடந்த முதல் சுற்றுக்கு, ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களிலிருந்து 1,833 கிராமங்கள் தெரிவு செய்யப்பட்டன. படி, மரக்கால், சேர், மணங்கு என்று ஊருக்கு ஊர் மாறும் அளவைகளையெல்லாம் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. கேள்விகளைப் பல மொழிகளில் கேட்க வேண்டியிருந்தது. விவரம் கேட்டால் வரி போடுவார்களோ என்று மக்கள் அஞ்சும் இடங்களும் இருந்திருக்கும். அதன் பிறகு சுற்று சுற்றாக ஆய்வு தொடர்ந்தது. வளரும் நாடு ஒன்று இவ்வளவு பெரிய அளவில், இடைவிடாமல் தன்னைத் தானே அளந்துகொண்டதற்கு அன்று வேறு எடுத்துக்காட்டு அரிது.

இயந்திரம் வந்த கதை

மாதிரி ஆய்வு பெருகப் பெருகக் கணக்கிடும் வேலை மலைபோல் குவிந்தது. துளையிட்ட அட்டைகளை எண்ணும் இயந்திரங்களையும் கைக்கணிப்பான்களையும் வைத்து நூற்றுக்கணக்கானோர் உழைத்தும் போதவில்லை. மின்னணுக் கணினி என்பது மேலை நாடுகளிலேயே சில ஆய்வகங்களில் மட்டும் இருந்த காலத்தில், அது இந்தியாவுக்குத் தேவை என்று மகலனோபிஸ் வாதாடத் தொடங்கினார். ஆட்கள் மலிவாகக் கிடைக்கும் நாட்டுக்கு இந்த விலையுயர்ந்த இயந்திரம் எதற்கு என்ற கேள்வி இயல்பாகவே எழக்கூடியது.

வாங்கும் வரை காத்திராமல் செய்து பார்ப்பது என்று முடிவானது. நிறுவனத்தின் பட்டறையில் சமரேந்திர குமார் மித்ராவும் ஆசிஷ் மைதியும் சேர்ந்து, பத்து மாறிகள் கொண்ட சமன்பாடுகளை விடுவிக்கும் ஒப்புமைக் கணினி ஒன்றை 1953-இல் உருவாக்கினர். அடுத்து, பிரிட்டிஷ் டேபுலேட்டிங் மெஷின் நிறுவனத்தின் எச்.இ.சி.-2எம் என்ற கணினி கப்பலில் வந்தது. அதை இயக்கக் கற்க மோகி முகர்ஜியும் அமரேஷ் ராயும் முன்கூட்டியே இங்கிலாந்து சென்று வந்தனர். 1956-இல் அது கொல்கத்தாவில் இயங்கத் தொடங்கியது. இந்தியாவின் முதல் இலக்கமுறைக் கணினி இதுவே. அதன் சுழலும் உருளையில் பதிந்த நினைவகம் வெறும் 1,024 சொற்களைத்தான் கொள்ளும். இன்றைய கைப்பேசியில் வரும் ஒரு படத்துக்குக்கூட அது காணாது. 1958-இல் ஐக்கிய நாடுகள் அவையின் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் வழியே சோவியத் நாட்டின் உரால் கணினி வந்து சேர்ந்தது. அதைப் பொருத்த சோவியத் பொறியாளர்களும் உடன் வந்தனர்.

இயந்திரத்தோடு மனிதர்களும் வந்தார்கள். தரக் கட்டுப்பாட்டு முறையின் முன்னோடி வால்ட்டர் ஷூவர்ட், சைபர்நெட்டிக்ஸ் துறையை நிறுவிய நார்பர்ட் வீனர், நிகழ்தகவுக் கோட்பாட்டின் பெருமகன் கோல்மகரோவ் ஆகியோர் வெவ்வேறு ஆண்டுகளில் கொல்கத்தாவின் பாராநகர் வளாகத்துக்கு வந்து தங்கிச் சென்றனர். உயிரியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957-இல் இங்கிலாந்தை விட்டு இங்கேயே பணியில் சேர்ந்தார். 1950-இல் தொடங்கிய பன்னாட்டுப் புள்ளியியல் கல்வி மையத்தில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் அலுவலர்கள் பயிற்சி பெற்றனர். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கரும் ரஷ்யரும் அடுத்தடுத்த அறைகளில் தங்கக்கூடிய இடமாக ஒரு புள்ளியியல் நிறுவனம் திகழ்ந்தது வியப்புக்குரியது.

கணினித் துறையின் தலைமை மட்டும் கொல்கத்தாவில் நிலைக்கவில்லை. ஹோமி பாபாவின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் சொந்தமாகக் கணினி உருவாக்கியதுடன், 1964-இல் சி.டி.சி. 3600 என்ற பெரிய கணினியையும் பெற்றது. நாட்டின் கணினி மையம் பம்பாய்க்கு நகர்ந்தது. பாராநகர்க் குழுவினர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 1966-இல் டிரான்சிஸ்டர்களால் ஆன ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1 கணினியை உருவாக்கி முடித்தனர்.

திட்டமும் எதிர்ப்பும்

கணினி வேண்டும் என்ற வாதத்துக்கு வலு சேர்த்தது திட்டமிடல். 1954 நவம்பரில் பிரதமர் நேரு பாராநகர் நிறுவனத்தில் திட்டமிடல் ஆய்வுகளைத் தொடங்கிவைத்தார். 1955 மார்ச்சில் மகலனோபிஸ் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் வரைவுச் சட்டகத்தை அளித்தார். இயந்திரங்களைச் செய்யும் இயந்திரங்களில் முதலில் முதலீடு, நுகர்பொருளுக்குச் சிறு தொழில்கள் என்பது அதன் சாரம். பொருளியலாளர் பி.ஆர். ஷெனாய் தனித்து நின்று மறுப்புக் குறிப்பு எழுதினார். வேளாண்மைக்கும் ஏற்றுமதிக்கும் உரிய இடம் தரப்படவில்லை என்ற குறை இன்றுவரை கூறப்படுகிறது. அந்நியச் செலாவணி நெருக்கடி விரைவிலேயே வந்ததால் அந்தக் குறையைத் தள்ளிவிடவும் இயலாது. சணல் வயலில் தன் முடிவைத் தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்தவர், நாட்டுத் திட்டத்துக்கு அத்தகைய சோதனையைச் செய்ய முடியவில்லை. ஒரே நாட்டில் இரண்டு திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நடத்திப் பார்க்க வழி ஏது?

வளர்ச்சியின் பலன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வி நாடாளுமன்றத்தில் எழுந்தபோது, அதை ஆராய 1960-இல் அமைந்த குழுவுக்கும் அவரே தலைவரானார். 1971-இல் தாண்டேகரும் ரத்தும் இந்தியாவின் வறுமையைப் பற்றி எழுதிப் பெரும் விவாதத்தைக் கிளப்பிய ஆய்வு, தேசிய மாதிரி ஆய்வின் நுகர்வுச் செலவுத் தரவுகளின் மேல் எழுப்பப்பட்டதே. திட்டத்தின் குறையைச் சுட்டிக்காட்டும் எண்களும் அதை வகுத்தவர் அமைத்த ஆய்விலிருந்தே கிடைத்தன.

இறுதி ஆண்டுகள்

1959-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகி, பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. மகலனோபிஸ் தொடக்கம் முதல் கடைசி வரை அதன் செயலாளராகவும் இயக்குநராகவும் இருந்தார். அது நிறுவனத்துக்கு வலிமை தந்தது, நெருக்கடியும் தந்தது. எல்லா முடிவும் ஒருவர் கையில் என்ற மனக்குறை உள்ளே இருந்தது. ராஜ் சந்திர போஸும் சமரேந்திரநாத் ராயும் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே அமெரிக்காவின் வட கரோலினாவுக்குச் சென்றுவிட்டனர். ஆய்லர் என்ற மாமேதையின் கணித ஊகம் ஒன்று தவறு என்று 1959-இல் நிறுவிய மூவருள் ஒருவர் அந்த போஸ். ஹால்டேனும் கருத்து வேறுபாட்டால் 1961-இல் விலகினார்.

1967-இல் திட்டக் குழுவிலிருந்து மகலனோபிஸ் விடுபட்டார். மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 1970-இல் அரசு தேசிய மாதிரி ஆய்வு அமைப்பை ஏற்படுத்தி, ஆய்வை வடிவமைப்பது முதல் முடிவுகளைத் தொகுப்பது வரையிலான பணிகளை ஒரே குடையின் கீழ் கொண்டுவர முனைந்தது. இருபது ஆண்டுகளாகக் கொல்கத்தா நிறுவனம் செய்துவந்த வேலை கைமாறியது. தாம் வளர்த்த முறை அரசின் அன்றாட அலுவலாகிவிட்டதை வெற்றி என்று கொள்வதா, தாம் கட்டிய கூட்டத்தின் கையிலிருந்து அது பறிபோனதை இழப்பு என்று கொள்வதா என்பது எளிதில் சொல்லக்கூடியதன்று.

1972 ஜூன் 28-ஆம் தேதி, 79-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய தினம், மகலனோபிஸ் காலமானார். நிறுவனத்தின் பொறுப்பை சி.ஆர். ராவ் ஏற்றார். பாராநகரில் அவரும் மனைவி நிர்மலகுமாரியும் வாழ்ந்த ஆம்ரபாலி இல்லம் இப்போது நினைவு அருங்காட்சியகமாக உள்ளது. 2019-இல் தேசிய மாதிரி ஆய்வு அலுவலகமும் மத்தியப் புள்ளியியல் அலுவலகமும் தேசியப் புள்ளியியல் அலுவலகமாக இணைக்கப்பட்டன. அதன் களப்பணியாளர்கள், குலுக்கலில் தேர்வான ஊர்களுக்கும் தெருக்களுக்கும் சென்று, கடந்த மாதம் அரிசிக்கு எவ்வளவு செலவானது என்று வீட்டாரிடம் இன்றும் கேட்டுக் குறித்துவருகின்றனர்.